டிராகுலா மீது ஒரு பிராது

இன்னிக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் கிடையாது நண்பர்களே. ஒரு பேய்க் கதையைப் படித்துவிட்டு ஏமாந்த புலம்பல்தான். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பிராது என்றால் விளக்கம் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகன்தான். கைமாத்து வாங்கியவன் திருப்பித் தரவில்லை, வீட்டில் நகை காணோம், கட்டிக்கொடுத்த இடத்தில் பெண்ணைப் படுத்துகிறார்கள் என்றால், ஒரு தாளில் பேர், ஊர், விஷயம் எல்லாம் மனு மாதிரி எழுதி சாமி முன்னால் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அதற்குப் பேர் பிராது. எஃப்.ஐ.ஆர். மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

என் பிராது ஒரு புத்தகத்தின் மேல். பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897இல் லண்டனில் வெளிவந்த டிராகுலா.

கதை முழுக்கச் சொல்லப் போகிறேன். இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நூற்றி இருபது வருஷத்துக்கு மேல் ஆன புத்தகத்துக்கு இதற்கு மேல் எச்சரிக்கை கொடுக்க முடியாது.

இந்தப் புத்தகத்தை நான் படித்தது முழுக்க முழுக்க நைட் டியூட்டியில். காப்புரிமை முடிந்த புத்தகம் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போனில் இறக்கி வைத்திருந்தேன். விஷம் குடித்தவர், பாம்புக்கடி, நெஞ்சுவலி, டூவீலரில் விழுந்தவர் என்று ஒவ்வொருவராக வந்து போகும் இடைவெளியில் நாலு பக்கம், அஞ்சு பக்கம். மொத்தம் 27 அத்தியாயம். முடிக்க ஏறக்குறைய ரெண்டு மாதம் ஆனது.

சின்ன வயதில் கேபிள் டிவியில் டிராகுலா படம் பார்த்துவிட்டு, பாத்ரூம் போகக்கூட அம்மாவை எழுப்பியவன் நான். அந்தப் பயத்தை ஒரிஜினல் புத்தகத்தில் இன்னொரு தடவை அனுபவிக்கலாம் என்ற ஆசையில்தான் ஆரம்பித்தேன்.

ஆரம்பம் நிஜமாகவே அபாரம். அதைச் சொல்லாமல் பிராது கொடுத்தால் அது பொய் வழக்கு ஆகிவிடும்.

ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல் இங்கிலாந்திலிருந்து டிரான்சில்வேனியா போகிறான். டிராகுலா என்ற பிரபு இங்கிலாந்தில் வீடு வாங்குகிறார், அந்தப் பத்திர வேலைக்காக. டைரியின் முதல் வரிகளிலேயே ரயில் ஒரு மணி நேரம் லேட் என்று எழுதுகிறான். எங்கள் விருத்தாசலம் ஜங்ஷனில் ராத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு உடனே அவன் சொந்தக்காரன் ஆகிவிடுவான். வழியில் சாப்பிட்ட மிளகாய்ப்பொடி போட்ட கோழி நன்றாக இருக்கவே, கட்டிக்கப்போற பெண்ணுக்காக அதன் செய்முறையைக் கேட்டு வாங்கணும் என்று குறித்துக்கொள்கிறான். போகிற இடம் தெரியாமல் கோழிக் குழம்பைப் பற்றி யோசிக்கிறானே பாவம் என்று நமக்கு அடிவயிறு கலங்கும்.

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தால் வேலைக்காரர்களே கண்ணில் படவில்லை. ஒரு நாள் கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறான். பிரபுவே சாப்பாட்டு மேஜையைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். அந்தப் பெரிய கோட்டையில் வேறு ஆளே இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. ரத்தம் இல்லை, பல் இல்லை, ஒரு கிழவர் தட்டு வைக்கிறார், அவ்வளவுதான். எனக்கு முதுகு சில்லிட்டது அந்த இடத்தில்தான். இன்னொரு ராத்திரி அவர் கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லி மாதிரி இறங்குகிறார். அதைப் படித்த அன்று டியூட்டி ரூம் டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு பல்லி இருந்தது. விடியும்வரை அதையும் நான் ஒரு கண் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

முதல் நாலு அத்தியாயம் இப்படி. அப்புறம் ஒரு கப்பல் வருகிறது. பல்கேரியாவிலிருந்து இங்கிலாந்து வரும் வழியில் மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கடைசியில் சுக்கானில் தன்னைத்தானே கட்டிக்கொண்ட கேப்டனின் பிணத்தோடு கப்பல் கரை சேர்கிறது. அதுவும் அருமை.

அதோடு சரி. டிராகுலா காணாமல் போய்விடுகிறார்!

தலைப்பில் இருப்பவர் மீதிப் புத்தகத்தில் இங்கே ஒரு நிழல், அங்கே ஒரு வௌவால், நடுவில் நாலைந்து காட்சி. மற்றபடி எல்லோரும் டைரி எழுதுகிறார்கள், தந்தி அடிக்கிறார்கள், ரயில் அட்டவணை பார்க்கிறார்கள். மீனா என்ற பெண் எல்லாருடைய டைரியையும் டைப் அடித்து தேதி வாரியாக அடுக்குகிறாள். டாக்டர் சீவர்ட் தன் டைரியை போனோகிராஃபில் பேசிப் பதிகிறார், அந்தக் காலத்து வாய்ஸ் நோட். எல்லாருக்கும் டைரி இருக்கிறது, டிராகுலாவுக்கு மட்டும் இல்லை. அவர் என்ன நினைத்தார், எதற்கு வந்தார் என்று அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டேன், நடக்கவில்லை.

நம்ம ஊர் வேதாளத்தை நினைத்துப் பாருங்கள். முதுகில் தொங்கிக்கொண்டே கதை சொல்லும், குறுக்குக் கேள்வி கேட்கும், ராஜாவையே மடக்கும். கலிங்கத்துப்பரணிப் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பந்தி போட்டுச் சாப்பிடும். பேசும் பேயையே பார்த்து வளர்ந்த நமக்கு, நாலு அத்தியாயம் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்கிற பேய் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

முடிவு இன்னும் மோசம். நெஞ்சில் மரக்கட்டை இறங்கும், வெயில் பட்டு எரிந்து சாம்பலாவார் என்றுதானே நினைப்போம்? வெயில் பட்டால் சாவு என்பது 1922இல் வந்த நாஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் படம் கொண்டுவந்தது. புத்தகத்தில் டிராகுலா பகலிலேயே லண்டன் தெருவில் நடக்கிறார். கடைசியில் அவர் படுத்திருக்கும் பெட்டியை வழிமறித்து, ஒருத்தன் கழுத்தில் கத்தி வீசுகிறான், இன்னொருத்தன் நெஞ்சில் குத்துகிறான். ரெண்டு மூன்று வரி. தூள் தூளாகிவிடுகிறார். கழுத்தை அறுத்தது என்ன கத்தி தெரியுமா? குக்ரி. நம்ம கூர்க்கா கத்தி! இங்கிலாந்து வக்கீல் கையில் அது எப்படி வந்தது என்று ஸ்டோக்கர் சொல்லவில்லை. முந்நூறு பக்கத்துக்கு மேல் துரத்திய துரத்தல் இப்படி முடிந்தபோது மணி மூணே கால். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இது வாசகனின் பிராது. இனி டாக்டரின் பிராது.

லூசி என்று ஒரு பெண். 19 வயது. தூக்கத்தில் நடக்கிற வியாதி உண்டு. டிராகுலா ராத்திரி ராத்திரி வந்து அவள் ரத்தத்தைக் குடிக்கிறார். பகலில் பார்த்தால் உதடு, ஈறு எல்லாம் வெளுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறாள். எங்கள் ஊர் செராமிக் பேட்டையில் செய்யும் பீங்கான் பியூஸ் கட்டை நிறம் இருக்கிறதே, அந்த வெளுப்பு. ஓபியில் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்க்கும்போது அந்த நிறத்தை நான் வாரத்துக்கு ஐந்தாறு தடவையாவது பார்க்கிறேன். ஸ்டோக்கர் அதைத் தப்பில்லாமல் எழுதியிருக்கிறார். அவர் அண்ணன் தார்ன்லி டப்ளினில் பெரிய சர்ஜன். கேட்டு எழுதியிருப்பார்.

டாக்டர் சீவர்ட் தன் குரு வான் ஹெல்சிங்கை ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரவழைக்கிறார். அவர் பார்த்த உடனே ரத்தம் ஏற்றுகிறார். முதலில் லூசியைக் கட்டிக்கப்போகும் ஆர்தர். அப்புறம் சீவர்ட். அப்புறம் வான் ஹெல்சிங். கடைசியில் குவின்சி மோரிஸ் என்ற அமெரிக்கர். பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் நாலு ஆண்களின் ரத்தம், ஆளிடமிருந்து ஆளுக்கு நேராக. குரூப் பார்க்கவில்லை, கிராஸ் மேட்ச் இல்லை. ஆர்தர் ரத்தம் அவ்வளவு சுத்தமாம், உறைவதைத் தடுக்கும் வேலைகூடத் தேவையில்லையாம்!

இதைப் படித்தபோது எனக்கு டிராகுலாவைவிட வான் ஹெல்சிங்கைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது.

சிரிப்பாக இருந்தாலும் நியாயம் பேச வேண்டும். லாண்ட்ஸ்டைனர் ரத்த குரூப்களைப் பற்றி எழுதியது 1901இல்தான், டிராகுலா வந்து நாலு வருஷம் கழித்து. ஆர்எச் பாசிட்டிவ், நெகட்டிவ் எல்லாம் 1940. அதனால் ஸ்டோக்கரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாலு பேர் ரத்தமும் லூசிக்கு ஒத்துக்கொண்டது என்றால் அவள் ஏபி பாசிட்டிவாக இருந்திருக்கலாம், இல்லாவிட்டால் அந்த நாலு பேரும் ஓ குரூப்பாக இருந்திருக்கலாம். சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். "ஏபி பாசிட்டிவா? அப்ப குடுத்து வச்ச பொண்ணு சார்" என்றார்.

இன்னொரு விஷயம். மனிதனுக்கு மனித ரத்தம் ஏற்றிப் பார்க்க ஆரம்பித்தவர் ஜேம்ஸ் பிளண்டெல், லண்டன் பிரசவ மருத்துவர், 1818இல். பிரசவத்தில் ரத்தப்போக்கில் பெண்கள் கண்ணெதிரே சாவதைப் பார்த்துத் தாங்காமல்தான் அவர் அதில் இறங்கினார். ரத்தம் ஏற்றும் வைத்தியத்தின் ஆரம்பமே ஒரு பிரசவ வார்டு. இருநூறு வருஷம் கழித்து இன்னிக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு எங்களை அலற வைப்பது அதே ரத்தப்போக்குதான்.

கதையில் நாலு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் போட்டி போட்டு ரத்தம் கொடுக்கிறார்கள். இங்கே அப்படியா? "ஒரு யூனிட் வேணும், யாராவது குடுங்க" என்றால் கூட நிற்கும் ஆம்பளைங்க நாலு பேரில் மூணு பேர் போன் பேசிக்கொண்டே வெளியே போய்விடுவார்கள். "வெயில்ல வேல செய்றவன் சார், வலு போயிடும்." முன்னால் வந்து நிற்பது பெரும்பாலும் அந்தப் பெண்ணின் அம்மாதான். அவருக்கே ஹீமோகுளோபின் ஒன்பது இருக்கும். எடுக்கவும் முடியாது. கொடுப்பது 350 மில்லி ஐயா. உடம்பில் ஓடுவது ஏறக்குறைய ஐந்து லிட்டர். வலு எல்லாம் போகாது. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

டெஸ்ட்டுக்கு ரெண்டு மில்லி எடுத்தாலே "எத்தினி தடவதான் ரத்தத்த உறிஞ்சுவீங்க" என்று எங்கள் லேப் டெக்னீஷியனைத் திட்டுவார்கள். நிஜமாக உறிஞ்சுகிறவன் வேறு ஆள். முந்திரிக் காட்டில் செருப்பில்லாமல் நடக்கும்போது கால் தோல் வழியாக உள்ளே போய்க் குடலில் கொக்கி போட்டுத் தொங்கும் கொக்கிப்புழு. அதில் ஒரு வகை, ஒரே ஒரு புழு, ஒரு நாளைக்கு 0.15 மில்லிக்கு மேல் ரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் கணக்கு நீங்களே போடுங்கள். அதற்குப் பூண்டு மாலை வேண்டாம், ஒரு அல்பெண்டசோல் மாத்திரை போதும், கூடவே ஒரு ஜோடி செருப்பு.

சரி, பூண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. என் பெரிய பிராது அதுதான்.

வான் ஹெல்சிங்குக்கு லூசியின் கழுத்தில் இருக்கும் ரெண்டு புள்ளியைப் பார்த்ததுமே விஷயம் பிடிபட்டுவிடுகிறது. ஆனால் யாரிடமும் வாய் திறப்பதில்லை. ரத்தம் கொடுத்த ஆர்தரிடம் இல்லை, கூட நிற்கும் சீவர்ட்டிடம் இல்லை, லூசியிடமே இல்லை. நேரம் வரும்போது சொல்கிறேன் என்கிறார். பூண்டுப் பூக்களை வரவழைத்து ஜன்னலில் தேய்க்கிறார், லூசி கழுத்தில் மாலையாகப் போடுகிறார். ஜன்னலைத் திறக்காதே என்று அவளிடம் சொல்கிறார். பக்கத்து அறையில் படுக்கும் அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தம்மாவுக்கு இதய நோய், அதிர்ச்சி தாங்காது என்பது அவர்கள் கட்சி.

அம்மா என்ன செய்வார்? ராத்திரி மகளை வந்து பார்க்கிறார். அறை முழுக்க என்னவோ நாற்றம் அடிக்கிறது. பிள்ளை பலவீனமாகக் கிடக்கிறது, இந்த நாற்றத்தில் எப்படித் தூங்கும் என்று எல்லாப் பூவையும் எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, நல்ல காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிடுகிறார். காலையில் வந்த டாக்டர்களிடம் அதைச் சந்தோஷமாகச் சொல்லவும் செய்கிறார்.

இன்னொரு ராத்திரி, லூசி வீட்டில் காவல் இரு என்று வான் ஹெல்சிங் சீவர்ட்டுக்குத் தந்தி அடிக்கிறார். மாவட்டம் எழுதாததால் அது வேறு ஊருக்குப் போய் 22 மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறது. அந்த ராத்திரியில்தான் எல்லாம் முடிகிறது. ரெஃபரல் சீட்டில் போன் நம்பர் தப்பாக எழுதி, மேல் ஆஸ்பத்திரிக்கும் கீழ் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நோயாளி தொங்கியதைப் பார்த்த எந்த டாக்டருக்கும் அந்தப் பக்கம் பேய்க் கதையாகத் தெரியாது.

பூண்டுப் பூ கட்டத்தைப் படித்த ராத்திரி வார்டு அமைதியாக இருந்தது. சிஸ்டர் ஊசி மருந்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "பேய்க் கதை எதுவரைக்கும் சார் வந்திருக்கு?" என்றார். அதுவரை நடந்ததைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தம்மாகிட்ட யாருமே சொல்லலையா சார்?"

இல்லை சிஸ்டர் என்றேன். "அப்புறம் அவங்க மேல என்ன தப்பு இருக்கு" என்று கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார். எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

விருத்தாசலம் பக்கம் வருவதற்கு முன்னால், வேறொரு மாவட்டத்தில், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். எம்.பி.பி.எஸ். முடித்துச் சேர்ந்த முதல் போஸ்டிங். ஊர் பேர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் ஓபி. ஒரு பெண், ஐந்தாம் மாதம், முதல் பிரசவம், ஹீமோகுளோபின் 7.4. கூடவே மாமியார். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. புழு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன். "தெனம் ரெண்டு வேள சாப்பிடும்மா, விட்டுடக் கூடாது, அடுத்த மாசம் கண்டிப்பா வா" என்றேன். நிமிர்ந்து பார்த்தேனா என்பதுகூட நினைவில்லை. கேஸ் ஷீட்டில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினேன். எல்லா டாக்டர்களும் எழுதும் வரிதான். நோயாளிக்கும் உடன் வந்தவருக்கும் விளக்கப்பட்டது.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

எட்டு மாதம் முடிந்தபின் கிராம செவிலியர் வீடு தேடிப்போய் அழைத்து வந்தார். முகம் வீங்கி, நாலு அடி நடக்கவே மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 5.2. மாத்திரை சாப்பிட்டியா என்றால் தலை குனிந்துகொண்டாள். அன்றைக்கே 108இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வலி கண்டுவிட்டது. குழந்தை பிறந்தது. அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. மற்றவர்களுக்கு இருந்தால் சமாளித்துவிடக்கூடிய ரத்தப்போக்கு, இவளிடம் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. நானும் விஷயம் கேள்விப்பட்டுப் போனில் விசாரித்துக்கொண்டே இருந்தேன். மொத்தம் ஐந்து யூனிட். ரெண்டு நாள் வென்டிலேட்டர். பிழைத்துவிட்டாள். குழந்தை எடை குறைவு, அதுவும் பிழைத்துக்கொண்டது.

ஒன்றரை மாதம் கழித்து, குழந்தைக்குத் தடுப்பூசி போட அதே மாமியார் வந்தார். ஓபி முடியும்வரை காத்திருந்து என் மேஜைக்கு வந்தார். நான் முந்திக்கொண்டு, ஏம்மா மாத்திரை கொடுக்கவில்லை என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"நாலு நாளு குடுத்தன் தம்பி. அஞ்சாம் நாளு வெளிக்குப் போறது தாரு மாதிரி கறுப்பாப் போவுதுன்னு அழுவுது. வவுத்துல புள்ள இருக்கு. இந்த மாத்தர என்னமோ பண்ணுதுன்னு பயந்துபோயி நாந்தான் தூக்கிக் குப்பக்குழியில போட்டன். கறுப்பாப் போவும், பயப்படாதன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் தம்பி அதப் போடப்போறன்?"

திட்டவில்லை. சத்தம்கூட உயரவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தால் விளக்கப்பட்டது என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

பூண்டுப் பூவைத் தூக்கிப் போட்ட அம்மாவும் இவரும் எனக்கு ஒரே ஆள். ரெண்டு பேரும் பிள்ளை மேல் இருந்த அக்கறையில்தான் அதைச் செய்தார்கள். அவர்கள் கையில் மருந்தை மட்டும் கொடுத்து விஷயத்தைக் கொடுக்காமல் விட்டது டாக்டர்.

இப்போது என் ஏமாற்றம் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். இந்த இடத்தை ஸ்டோக்கர் விடமாட்டார், இதற்கு ஒரு கணக்கு கேட்பார் என்று ஆசையாகப் படித்தேன். வான் ஹெல்சிங் தலையில் கை வைத்துக்கொண்டு அழத்தான் செய்கிறார். ஆனால் அழுதுகொண்டே, பாவம் அந்தத் தாய் அறியாமல் செய்துவிட்டாள், அவளிடம் சொல்லவும் முடியாது, சொன்னால் அவள் செத்துவிடுவாள், விதி என்கிறார். கடைசியில் சொல்லாமலேயே அந்தம்மா, ஓநாய் ஜன்னலை உடைத்துத் தலை நீட்டியதைப் பார்த்த அதிர்ச்சியில் செத்தும் போகிறார். சாகும்போது மகள் கழுத்துப் பூண்டு மாலையையும் பிடித்து இழுத்துப் பிய்த்துவிடுகிறார். இதற்கப்புறமும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட வான் ஹெல்சிங்கைப் பார்த்து எங்கள் சிஸ்டர் கேட்ட கேள்வியைக் கேட்பதில்லை. அவர்தான் கதையின் ஹீரோ.

சரி, ஒரு தடவை பட்டுவிட்டார்கள், திருந்துவார்கள் என்று பார்த்தால் அடுத்த பாதியில் மீனா. எல்லாத் தாள்களையும் டைப் அடித்து அடுக்கிக் கொடுத்ததே அவள்தான். ரயில் நேரம் எல்லாம் மனப்பாடம். அந்தக் கூட்டத்திலேயே மூளை அதிகம் அவளுக்குத்தான். எல்லா வேலையையும் வாங்கிக்கொண்ட பிறகு, பெண் மனசு தாங்காது, இனிமேல் இவளிடம் எதையும் பேச வேண்டாம் என்று ஆண்கள் முடிவு செய்கிறார்கள். கட்டின புருஷனும் அதற்குச் சம்மதம். அவர்கள் ரகசியமாக வேட்டைக்குப் போன ராத்திரிகளில்தான் டிராகுலா அவளிடம் வருகிறார். வெளுத்துப் போகிறாள், களைத்துப் போகிறாள். லூசிக்கு இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த ரெண்டு டாக்டர்கள் அதே வீட்டில் இருக்கிறார்கள். கண்டுபிடிக்கவில்லை. கவலையாக இருக்கும் போல என்று நினைத்துக்கொள்கிறார்கள்! கடைசியில் டிராகுலா எந்த ஆற்று வழியாகத் தப்பிக்கிறார் என்று யோசித்துச் சொல்வதும் இதே மீனாதான். ஆரம்பத்திலிருந்தே சொல்லியிருந்தால் புத்தகம் பத்து அத்தியாயம் முன்னாலேயே முடிந்திருக்கும்.

நம்ம வேதாளம் கதையில் ஒரு விதி உண்டு. பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை சுக்குநூறாக வெடித்துவிடும் என்று விக்கிரமாதித்தனை மிரட்டும். வான் ஹெல்சிங்கின் முதுகில் ஒரு வேதாளத்தை ஏற்றிவிட்டிருந்தால் அன்றைக்கே லூசி வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கும்.

கடைசிப் பக்கத்தில் ஹார்க்கர் ஒரு குறிப்பு எழுதுகிறான். ஏழு வருஷம் கழித்து எல்லாத் தாள்களையும் எடுத்துப் பார்த்தால், டைப் அடித்த காகிதக் கட்டுதான் இருக்கிறது, அசல் ஆவணம் என்று அநேகமாக ஒன்றுகூட இல்லை என்கிறான். என் கேஸ் ஷீட் வரியை அங்கே நினைத்துக்கொண்டேன்.

இந்த வியாதிக் கதைக்கு அடியில் ஒரு நிஜம் உண்டு. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தில் எக்சிட்டர் என்ற ஊரில் பிரவுன் குடும்பத்தில் அம்மா, மூத்த மகள் என்று ஒவ்வொருவராக டிபியில் இறந்தார்கள். 1892 ஜனவரியில் மெர்சி என்ற மகளும் போனாள், 19 வயது. அண்ணன் எட்வினுக்கும் அதே இருமல். செத்தவர்களில் யாரோதான் எழுந்து வந்து ரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று ஊரார் முடிவு கட்டி, மார்ச் மாதம் கல்லறையைத் தோண்டினார்கள். பனிக்காலம் என்பதால் மெர்சியின் உடம்பு கெடவில்லை. அதையே சாட்சியாக வைத்து அவள் இதயத்தையும் ஈரலையும் எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து எட்வினுக்குக் கொடுத்தார்கள். ரெண்டு மாதத்தில் அவனும் இறந்தான். ராபர்ட் கோக் டிபி கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தது 1882. பத்து வருஷம் முன்னாலேயே! விஷயம் உலகத்துக்குத் தெரியும், அந்த வீட்டுக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி நியூ இங்கிலாந்து ரத்தக்காட்டேரி நம்பிக்கைகளைப் பற்றிய பத்திரிகைத் துணுக்கு ஒன்று ஸ்டோக்கரின் குறிப்புகளுக்கு நடுவில் இருந்தது. கையில் அவ்வளவு பெரிய கதையை வைத்துக்கொண்டுதான் கூர்க்கா கத்தியில் முடித்திருக்கிறார் மனுஷன்.

அப்ப எதைப் படிக்கலாம் டாக்டர் என்று கமெண்ட்டில் கேட்பீர்கள், தெரியும். டிராகுலாவில் முதல் நாலு அத்தியாயமும் கப்பல் பகுதியும் கட்டாயம் படியுங்கள். பிறகு நிறுத்திவிட்டு, புதுமைப்பித்தனின் காஞ்சனையை எடுங்கள். சிறுகதைதான், அரை மணி நேரம். வீட்டுக்கு வேலைக்கு வந்து சேரும் பெண், ராத்திரியில் பிணவாடை, மனைவியின் குரல்வளையில் குண்டூசி முனை அளவுக்கு ரத்தம். பூண்டு மாலைக்குப் பதிலாகத் திருநீறு. எது நிஜம் என்று கடைசிவரை கைகாட்டாமல் விட்டுவிடுவார். முழு டிராகுலாவில் கிடைக்காத நடுக்கம் அதில் எனக்குக் கிடைத்தது.

புதுமைப்பித்தனின் இயற்பெயர் என்ன தெரியுமா? சொ. விருத்தாசலம். எங்கள் ஊர் பேர்தான். பிறந்தது பக்கத்தில் திருப்பாதிரிப்புலியூரில், 1906. மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனைப் பிரேத மனிதன் என்று தமிழில் கொண்டுவந்தவரும் அவரே. 1948இல் டிபியில் இறந்தார், 42 வயது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. இன்றைக்கு டிபி மருந்து எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் இலவசம். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளி டெஸ்ட் எடுங்கள். மன்னிக்கவும், மருத்துவப் பதிவு இல்லை என்றேன், பழக்க தோஷம்.

அப்படியே இதையும் சொல்லிவிடுகிறேன். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும். சத்து மாத்திரையின் நிறம் அது, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, குழந்தை கறுப்பாகவும் பிறக்காது. டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள். எலுமிச்சம்பழ ஜூஸோடு போட்டால் நன்றாகப் பிடிக்கும். கர்ப்பிணியின் மாமியாருக்கும் அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள்.

காஞ்சனையை சிஸ்டருக்கும் போனில் அனுப்பியிருக்கிறேன். பகல் டியூட்டி வரும்போது படிக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.